கொல்லிமலைக்கு எந்த பைக்?

கேள்வி: மயிலாப்பூரிலிருந்து தினமும் தி.நகர் அலுவலகம், விடுமுறையில் கூடாரத்தோடு கொல்லிமலை, ஜவ்வாது மலை. ஹிமாலயன் 450 வாங்கலாமா, கேடிஎம் 390 அட்வென்சரா? என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்.

பதில்: ஹிமாலயனையே வாங்குங்கள். 452 சிசி, 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க். கேடிஎம் வேகமானது, எடையும் குறைவு. ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு நிதானமாகப் போக ஹிமாலயனே சுகம்.

யோசிக்க வேண்டியது அதன் எடையை. பெட்ரோலோடு 196 கிலோ. சீட் உயரம் 825 மில்லிமீட்டர். உங்களுக்கு முன்பாதம்தான் தரையில் படும். கச்சேரி சாலை நெரிசலில் நின்று நின்று போகும்போது அது தெரியும். ஷோரூமில் தாழ்ந்த சீட் கேளுங்கள். பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்து, மெதுவாக யு-டர்ன் போட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைச் சாய்த்துவிடுவது பெரும்பாலும் மேலே ஏற்றிய பாரம்தான். அடுப்பு, தண்ணீர், கருவிகள் பக்கப் பைகளின் அடியில் இருக்கட்டும். கூடாரமும் படுக்கையும் மேலே போகலாம். பெரிய இரும்புப் பெட்டிகள் வேண்டாம், பாண்டி பஜாரில் இடிபடும்.

ஒன்று முக்கியம்: ஜவ்வாது மலைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிக் கூடாரம் போடாதீர்கள். ஊரில் யாருடைய நிலத்திலாவது கேட்டுத் தங்குங்கள்.