வெளிச்சம் தரையில் விழட்டும்: புதுக்கோட்டை ஊர்களுக்கு ஓர் இரவு வழிகாட்டி

அமாவாசையை ஒட்டி, மேகமில்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். ஒன்பது மணிக்கு மேல், ஊர் அடங்கத் தொடங்கும் நேரத்தில், ஒரு நோட்டும் டார்ச்சுமாகத் தெருவில் இறங்கி நடங்கள். துணைக்கு இன்னொருவர் வந்தால் நல்லது. ஒவ்வொரு விளக்கின் அருகிலும் நின்று மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இது யாருக்காக எரிகிறது, அவர்களுக்கு எத்தனை மணி வரை தேவை, தள்ளி நின்று பார்த்தால் பல்பு கண்ணில் அடிக்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம். முப்பதடி தள்ளி நிற்பவருக்குத் தரை தெரிய வேண்டும். பல்பு தெரியக் கூடாது. கண் கூசினால், அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு வயலுக்கும் கண்மாய்க்கும் வானத்துக்கும் வீணாகப் போகிறது என்று பொருள். அந்தப் பங்குக்கும் சேர்த்தே கரண்ட் பில் கட்டுகிறோம்.

நடை முடிந்ததும் வானத்தையும் அளந்துவிடுங்கள். கருவி எதுவும் வேண்டாம். விளக்கு கண்ணில் படாத இடமாகப் பார்த்து இருபது நிமிடம் நின்றால் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அதற்குள் செல்போனை எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மார்கழியிலிருந்து மாசி வரை முன்னிரவில் கார்த்திகைக் கூட்டம் உயரத்தில் நிற்கும். அதில் ஆறு மீன்களைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் உங்கள் ஊர் வானம் இன்னும் நன்றாக இருக்கிறது. வெறும் மங்கலான திட்டாக மட்டும் தெரிந்தால் வெளிச்சம் அதிகம். சித்திரை, வைகாசியில் பார்ப்பவர்கள் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே திரும்புங்கள். சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றுக்கு இடப்பக்கம், சற்று மேலே, ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரத் திரள் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு நன்றாக மேலேறி வருகிறது. தெரிந்ததா இல்லையா என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். விளக்குகளை மாற்றிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் குறிப்பு வேண்டும்.

இருட்டைப் பற்றிப் புதுக்கோட்டைக்காரர்களிடம் பேசும்போது கவனமாகப் பேச வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள். அந்த இரவுகளை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடக்கிறவர் காலடியில், நடக்கிற நேரத்தில், போதுமான வெளிச்சம் விழட்டும். அதற்கு மேல் வேண்டாம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

இதை இப்போதே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத் தங்கள் வீட்டிலிருந்து பால்வீதி தெரியாது என்று 2016இல் வந்த உலக இரவு வான வரைபடம் காட்டியது. 2011 முதல் 2022 வரை பல நாட்டுப் பொதுமக்கள் எண்ணித் தந்த நட்சத்திரக் கணக்கை வைத்து, இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடிவருகிறது என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. எட்டு ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாகிவிடும் வேகம் இது. நம் மாவட்டத்தில் நகரத்தையும் நெடுஞ்சாலையையும் விட்டு விலகினால் இன்னும் நல்ல இருட்டு மிஞ்சியிருக்கிறது. லடாக்கின் ஹன்லேவும் (2022) மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகமும் (2024) இருண்ட வானத்துக்காக அடையாளம் பெற்றது, எஞ்சியிருந்த இருட்டை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டதால்தான்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பாம்புக்குப் பயந்துதான் பெரும்பாலான வீடுகளில் விடியவிடிய போகஸ் லைட் எரிகிறது. அந்த விளக்கின் கீழே ஒரு மழைநாள் இரவு உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஈசலும் விட்டில்களும் வண்டுகளும் வரும். பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன என்பதற்கு 2024இல் வெளியான ஓர் ஆய்வு விடை தந்தது. பறக்கும் பூச்சிகள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் பிரகாசமோ அதுவே மேல் என்பது அவற்றின் கணக்கு. பக்கத்தில் விளக்கு இருந்தால் அந்தக் கணக்கு பிசகி, விலகிப் போகத் தெரியாமல் சுற்றிச்சுற்றியே களைத்து விழுகின்றன. விழுந்ததைத் தின்னச் சுவரில் பல்லி, தரையில் தேரை. தேரையைத் தேடி வருவது எது என்று கிராமத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பயத்துக்காக விளக்கைப் போட்டோமோ, அதற்கே வாசலில் இரை பரப்பி வைக்கிறோம்.

முதல் வேலை, பல்பின் நிறத்தை மாற்றுவது. அட்டைப்பெட்டியில் 6500 கே (கெல்வின்) என்றோ ‘கூல் டேலைட்’ என்றோ இருந்தால் அது நீலம் மிகுந்த வெள்ளை ஒளி. பூச்சிகளை அதிகம் இழுப்பதும், காற்றில் சிதறி வானத்தை வெளுக்க வைப்பதும் இந்த நீலம்தான். ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டு வாங்குங்கள். 2700 அல்லது 3000 கே போதும். வயலையோ தோப்பையோ ஒட்டிய வீடு என்றால் இன்னும் மஞ்சளான 2200 கே கிடைக்கிறதா என்று கேளுங்கள். வாசலுக்கு ஐந்து முதல் ஏழு வாட் தாராளம்.

இரண்டாவது, மூடி. சுவரில் பக்கவாட்டாகப் பார்த்து நிற்கும் விளக்கைக் கீழே திருப்புங்கள். திருப்ப முடியாததற்குத் தகரத்தில் ஒரு தொப்பி அடித்து மாட்டலாம். பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். பல்பின் அடிப்பாகத்துக்குக் காற்றுப் போக இடம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்.இ.டி. சூடேறிச் சீக்கிரம் போய்விடும். மூன்றாவது, நேரம். ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் பல்பு இப்போது எலெக்ட்ரிக்கல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. திடீரென்று எரியும் விளக்கு, ஆள் வந்திருப்பதை உங்களுக்கும் சொல்லிவிடும். கேமராவுக்காக விளக்கு எரிய விடுபவர்கள், அதில் இன்ஃப்ராரெட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு வெளிச்சமே தேவையில்லை.

கணக்கு ஒன்று. 100 வாட் போகஸ் லைட் இரவு 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 72 யூனிட். வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கை இந்த ஒரு விளக்கே தின்றுவிடுகிறது.

வயலும் மோட்டார் கொட்டகையும்

தெருவிளக்கை ஒட்டிய நெல் மட்டும் பூக்காமல் பச்சையாகவே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய சம்பா ரகங்கள் இரவின் நீளத்தை வைத்தே பூக்கும் பருவத்தை அறிகின்றன. விடியவிடிய வெளிச்சம் பட்டால் அவற்றுக்கு இரவு நீண்டது தெரியாமல் போகிறது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் சம்பா போடும் அறந்தாங்கிப் பக்கத்து விவசாயிகள் ஊராட்சியில் இதை எடுத்துச்சொன்னால், பறவைகளைப் பற்றிப் பேசுவதைவிடச் சீக்கிரம் காது கொடுப்பார்கள்.

நிலக்கடலைக்காரர்களுக்கு விளக்குப்பொறி தேவைதான். மழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்பும் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகளைப் பிடிக்க அது நல்ல வழி. ஆனால் அந்த மழையை அடுத்த சில நாள்களுக்கு மட்டும், முன்னிரவில் மட்டும் போதும். பதினோரு மணிக்குள் அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் அதில் சேர்ந்து சாகும். மோட்டார் கொட்டகையில் பட்டனுக்கு மேலே ஒரு சிறிய விளக்கும் அதற்கு ஒரு சுவிட்சும் இருந்தால் போதுமானது. வாய்க்கால் கரையில் மின்மினி இருக்கும் ஊர் என்றால் அந்தப் பக்கம் விளக்கே வைக்காதீர்கள். ஆண் பறந்தபடி மின்னும். பெண் புல்லிலிருந்து பதில் மின்னும். சுற்றிலும் வெளிச்சமாக இருந்தால் இந்தப் பேச்சு இரண்டுக்கும் கேட்காது. முட்டையே இல்லாமல் அந்தப் பருவம் போய்விடும்.

கோயில் காடு, கண்மாய், திருவிழா

எனக்கு மிகுந்த கவலை இங்கேதான். அய்யனாரையும் காளியையும் சுற்றி வீரையும் உலக்கைப்பாலையும் இலுப்பையுமாக நிற்கும் கோயில் காடுகள் இந்த மாவட்டத்தின் பெரிய சொத்து. தைலமரக் காடுகளுக்கு நடுவே உள்ளூர் மரங்களும் உயிர்களும் ஒண்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இவை. விறகுக்குக்கூட ஒரு குச்சி ஒடிக்க மாட்டோம் என்று தலைமுறைகளாகக் காத்த காட்டின் ஓரத்தில், நல்லெண்ணத்தோடுதான் ஹைமாஸ் (உயர்கோபுர) விளக்கு வைக்கிறார்கள். மரம் அப்படியே நிற்கும். காட்டின் இரவுதான் போய்விடும். இலுப்பைப் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவது பழந்தின்னி வௌவால். வெளிச்சமான மரத்துக்கு அது வரத் தயங்கும். வெளிச்சம் பட்ட திறந்த வெளியைத் தாண்ட எலி அஞ்சும். எலி வராத இடத்தில் கூகைக்கு வேலை இல்லை.

ஆகவே கோயில் காட்டுக்கும் கண்மாய்க்கும் ஒரு விதி: மரங்களின் மேலும் தண்ணீரின் மேலும் ஒளி விழக் கூடாது. வாசலுக்கும் பாதைக்கும் இடுப்புயரத்தில், கீழே பார்த்த சிறு விளக்குகள் வையுங்கள். பூசை முடிந்து நடை சாத்தியதும் அணைத்துவிடுங்கள். கண்மாய்க் கரையில் விளக்கு கட்டாயம் என்றால் அதன் முதுகு தண்ணீரைப் பார்த்து இருக்கட்டும்.

திருவிழாவில் சீரியல் செட் கட்டாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். பந்தலிலும் கோபுரத்திலும் தெருவிலும் கட்டுங்கள். பறவை அடையும் ஆல், அரசு, புளிய மரங்களை மட்டும் விட்டுவிடுங்கள். ஒலி, ஒளி அமைப்பவரிடம் பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். சாமி புறப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் மெயின் சுவிட்சை அணைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகே, வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வெடியை விட்டவர்கள் இருக்கும்போது, ஒரு மரத்து விளக்கை விடுவது கடினமாக இருக்காது.

கடற்கரை ஊர்களுக்கு

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பக்கத்துக் கடல் பாக் விரிகுடா. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தக் கடலுக்கும் இருட்டு வேண்டும்: நுண்ணிய மிதவை உயிர்கள் இருட்டியதும் மேலே ஏறி வரும். மீன்குஞ்சுகள் அவற்றை நம்பியிருக்கின்றன. இரவெல்லாம் தண்ணீரில் அடிக்கும் விளக்கு அந்த ஏற்றத்தைத் தடுக்கிறது. இறங்குதளத்தில் மீன் இறக்க, ஏலம் விட, வலை பார்க்க வெளிச்சம் வேண்டும். அந்த விளக்குகள் தளத்தை மட்டும் பார்க்கட்டும், வேலை முடிந்ததும் பாதி அணையட்டும். முத்துக்குடா போன்ற அலையாத்திப் பகுதிகளுக்கு வருகிறவர்கள் பெருகும்போது விளக்குக் கோரிக்கையும் கூடவே வரும். அங்கே சூரியன் சாய்ந்த பின் படகு இல்லை, விளக்கும் இல்லை என்பதே நல்ல ஏற்பாடு. வலசைக் காலத்தில் சேற்றுத் திட்டில் இரவிலும் இரை தேடும் பறவைகள் உண்டு. ஆமைகள் நாகை, சென்னைக் கரைகளைப் போல இங்கே அதிகம் ஏறுவதில்லை. ஏறினால் குஞ்சு பொரிக்கும் காலம் பங்குனியிலிருந்து வைகாசி வரை. அப்போது கரையைப் பார்க்கும் விளக்கை அணைத்து வையுங்கள். குஞ்சுகள் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் நகரும்.

கிராம சபைக்குக் கொண்டுபோங்கள்

தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். போவதற்கு முன், முதல் நாள் நடையில் எழுதிய நோட்டிலிருந்து ஒரு பட்டியல் தயாரியுங்கள்: எந்தக் கம்பம், எதன் ஓரம், என்ன மாற்ற வேண்டும். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, பெண்கள் இரவில் நடந்து வரும் பாதை இவற்றில் விளக்கு குறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் விளக்கு இல்லாவிட்டால் புதிதாகக் கேளுங்கள். கண்ணில் அடிக்கும் ஒளிக்குப் பின்னால் நிற்கிற ஆள் தெரியமாட்டான். கீழே விழும் மிதமான ஒளியில் தெரிவான். பாதுகாப்பும் இருட்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணத்தை முதலில் உடைக்க வேண்டும்.

தீர்மானத்தை இப்படி எழுதித் தரலாம்: “நமது ஊராட்சியில் இனிப் பொருத்தப்படும் தெருவிளக்குகள் 3000 கெல்வினுக்கு மிகாத நிறமும், கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும் அமைப்பும் உடையனவாக இருத்தல் வேண்டும். கோயில் காடு, கண்மாய், ஊருணி ஆகியவற்றின் ஓரம் உயர்கோபுர மின்விளக்கு அமைப்பதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில் இரவு 11 மணிக்கு மேல் விளக்குகளை அணைப்பது அல்லது ஒளியைக் குறைப்பது.” விளக்குகளின் தீங்கிலிருந்து வனஉயிர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களை 2020 பிப்ரவரியில் காந்திநகரில் கூடிய வலசை உயிரினங்கள் மாநாடு ஏற்றுக்கொண்டது, அதை நடத்தியது இந்தியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதிகாரிகளிடம் பேச அது உதவும்.

ஹைமாஸ் விளக்குகள் பல ஊர்களுக்குச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் வருகின்றன. ஊர்க்காரர்கள் கேட்பதால்தான் வருகின்றன. எனவே மனு எழுதும்போதே ஒரு பெரிய கம்பத்துக்குப் பதில், மூடிபோட்ட சிறு விளக்குகள் பத்து என்று கேளுங்கள். தீர்மானத்தின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கு மாட்ட ஆள் வரும் நாளில் கூடவே நில்லுங்கள். கம்பத்தின் கை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் நல்ல விளக்குகூடப் பக்கவாட்டில் அடிக்கும். ஸ்பேனர் அவர் கையில் இருக்கும்போதே மட்டமாக்கச் சொல்லிவிடுங்கள். பிறகு அதற்காக ஏணி கொண்டுவர யாரும் வரமாட்டார்கள்.