மாசிச் சருகு

ஓர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிமையாக்கிய தொல்காப்பியர், பின்பனியைக் குறிஞ்சிக்குக் கூறாது பாலைக்கு உரியதாகக் கூறினார். மழையின்றி வறண்டவிடத்துக் குறிஞ்சியும் பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்திற் காண்கிறோம். குளிர்ந்த மலை எங்ஙனம் பாலையாகும் என்னும் ஐயம் மாணவர்க்கு எழுதல் இயல்பே. அவ்வையம் தீர வேண்டுமாயின், மாசித் திங்களிற் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏதேனும் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரு பகற்பொழுது நின்று பார்த்தல் வேண்டும்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு உள்ளது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பார் காப்பிப் பயிரை இங்குக் கொணர்ந்தார் என்பர். இன்று பெருந்தோட்டங்களில் மட்டுமன்றி, வீட்டுப் புறக்கடையிலும் நான்கைந்து காப்பிச் செடிகள் நிற்கக் காணலாம். அவற்றோடு ஒரு பேரி, ஒரு கமலா ஆரஞ்சு, வாயிலில் ரோசாச் செடிகள், வேலியோரம் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள். மாசியில் விடியற்காலை இவற்றின் இலைதோறும் பனித்துளி நிற்கும். பத்து மணி வெயிலுக்குப் பின்னரோ புல் சலசலவென ஒலிக்கும். காலடியிற் சருகு நொறுங்கும். மார்கழியில் வழுக்கிய மண், இப்பொழுது வெடித்துப் பிளந்து கிடக்கும். காலையிற் குறிஞ்சி, நண்பகலிற் பாலை என்று சொல்லிவிடலாம்.

இக்காலத்தில் தோட்டமுடையார்க்கு வேலை மிகுதி. காப்பிப் பழம் பறித்து முடிந்தமையின் கவாத்து வேலை தொடங்கும். கவாத்தாவது, காய்ந்தனவும் நோயுற்றனவும் ஒன்றையொன்று உரசுவனவுமாகிய கிளைகளை அளவறிந்து கழித்தல். காப்பிச் செடியின் தண்டிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் நீர்ப்போத்துகள் காய் தாரா. அவற்றைக் கையாலேயே ஒடித்துவிடலாம். ரோசாவை வெட்டுங்கால், வெளிப்புறம் நோக்கிய ஒரு மொட்டுக்குச் சற்று மேலே, நீர் வழிந்தோடும்படி சாய்வாக வெட்டுதல் வேண்டும். பேரியைத் தையிலேயே கவாத்துச் செய்துவிடுதல் நன்று. துளிர் கண்டபின் அதன்மேற் கத்தி வைப்பவன், அவ்வாண்டுப் பூவைத் தானே உதிர்த்தவனாவான்.

பெரிய வெட்டுவாயில் பூசணம் புகாதிருக்கப் போர்டோப் பசை பூசுவர். பிரான்சு நாட்டிற் போர்டோப் பகுதித் திராட்சைத் தோட்டத்தார், வழிப்போக்கர் பழத்தைத் திருடாதபடி சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பராம். பிற கொடிகள் நோயால் இலையுதிர்க்க, அக்கொடிகள் மட்டும் பசுமையாக நின்றதை மில்லார்தே என்னும் அறிஞர் கண்டு ஆராய்ந்து, 1885ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். திருடர்க்கு அஞ்சிச் செய்தது பயிர்க்கு மருந்தாயிற்று! வீட்டுத் தேவைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறு அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, முன்னதைப் பின்னதில் ஊற்றிக் கலக்குக. உலோகக் கலம் ஆகாது. மண் கலமோ பிளாஸ்டிக் வாளியோ வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் அமிழ்த்தி எடுத்தாற் செந்நிறக் கறை படியுமாயின், சுண்ணாம்பு போதவில்லை என அறிந்து மேலும் சேர்த்தல் வேண்டும். கலந்த அன்றே பூசிவிடுக.

கூரைநீர் செல்லும் தகரத் தூம்பை அடைத்துள்ள இலைகளை அகற்றுதல், விறகை வீட்டுச் சுவரை ஒட்டாது அடுக்குதல், நீர் தேங்கும் கொட்டாங்கச்சியையும் தகரக் குவளையையும் கவிழ்த்தல் ஆகியவை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். விறகுக் குவியலைக் கோலால் தட்டிய பின்னரே கையிடுக. வெயிலுக்கு ஒதுங்கிய பாம்பு அங்கிருத்தல் கூடும்.

இனி, இவ்வளவு வேலைக்கும் பின் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அதுதான் சருகு. அதனை என் செய்வது?

யான் இம்மலையில் வாழத் தொடங்கிய முதலாண்டில் இதற்கு விடை எளிது என்று எண்ணினேன். ஒரு மாசிப் பிற்பகலில் தோட்டம் முழுவதையும் மண் தெரியப் பெருக்கி, குவித்ததை வேலியருகே கொளுத்தினேன். முற்றம் கண்ணாடிபோல் விளங்கக் கண்டு மகிழ்ந்து நின்றேன். அவ்வமயம் காற்றுத் திசை மாறிற்று. எரிந்துகொண்டிருந்த ஓரிலை பறந்து வேலிக்கு அப்பாலிருந்த காய்ந்த புல்லில் விழுந்தது. ஒரு குடம் நீர் கொண்டு வருவதற்குள் தீ இருபதடி ஓடிவிட்டது. அண்டை வீட்டார் ஓடிவந்து, பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அணைத்தனர். அதற்குள் அடுத்த தோட்டத்துக் காப்பியில் இரு வரிசை கருகிப்போயிற்று. அத்தோட்டத்துக்கு உரியவர் இம்மலையிலேயே பிறந்து வளர்ந்த முதியவர். அவர் என்னைக் கடிந்துரைக்கவில்லை. “ஐயா, மாசிக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது எங்களுக்கே தெரியாது. வெயில் தாழும் நேரத்தில் தீ மூட்டலாமா?” என்று மட்டும் கேட்டார். செடிகளுக்குரிய பொருளைக் கொடுக்க முன்வந்தேன், அவர் பெற்றுக்கொள்ளவில்லை. சற்று நேரங்கழித்து, “வரும் ஆண்டு சருகு வேண்டாமென்றால் எனக்குத் தாருங்கள், செடியடியிற் போட்டுக்கொள்கிறேன்” என்றார். யான் குப்பையென எரித்ததை அவர் விரும்பிக் கேட்டது எனக்குப் பெருநாணத்தைத் தந்தது.

குப்பை என்னும் சொல்லையே நோக்குக. பண்டை நூல்களில் அதற்குக் குவியல் என்பது பொருள். உப்பின் குவியலும் நெல்லின் குவியலும் குப்பை எனப்பட்டன. வேண்டாதது என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. தமிழாசிரியனாகிய யான் சொல்லின் பழம்பொருளை அறிந்திருந்தும், செயலிற் புதுப்பொருளையே பின்பற்றினேன்.

என்னைப்போன்று செய்வதால் விளையும் கேடு எப்பொழுதும் இரு வரிசைச் செடியோடு நிற்பதன்று. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், அஃதாவது மாசியின் இறுதியில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காய்ந்த புல்லிற் பற்றிய தீயிற் சிக்கி, மலையேறச் சென்றோருள் இருபதின்மர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இக்காலத்து மலைப்புல் எவ்வளவு விரைவில் தீயைக் கொண்டுசெல்லும் என்பதை அறிய வேறு சான்று வேண்டா. ஆதலின், வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் சருகும் காய்ந்த புல்லும் இன்றி வெறுந்தரையாக வைத்தல் வேண்டும். அங்குத் துடைப்பம் தேவை. அதற்கு அப்பால் தேவையில்லை.

பெருக்கிய சருகை மட்கச் செய்யும் முறையை நம் உழவர் நெடுங்காலமாக அறிவர். ஆல்பர்ட் ஓவார்டு என்னும் ஆங்கில அறிஞர் இந்தூரில் இருந்தபோது இதனை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தி, 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இந்தூர் முறை என அது வழங்கும். நான்கடி அகலத்தில் ஒரு சாண் உயரம் சருகு பரப்புக. அதன்மேற் பூவாத களையும் பசுந்தழையும் நான்கு விரல் உயரம் இடுக. சாணக் கரைசல் தெளித்துச் சிறிது மண்ணும் அடுப்புச் சாம்பலும் தூவுக. இங்ஙனம் அடுக்கடுக்காக மூன்றடி உயரும்வரை செய்க. சில்வர் ஓக் இலை மட்குதற்கு நெடுநாள் பிடிக்கும். அதனைத் தனியே குவிக்காது, நறுக்கிப் பிற தழைகளோடு கலத்தல் வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியும் அளவு ஈரம் போதும்.

நான்கைந்து நாள் கழித்து ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி, சிறிது நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் சருகை உண்டு வாழ்வதால் எழும் வெம்மை அது. பனி பெய்த காலையிற் குவியலைக் கிளறினால் ஆவி எழும். புகையன்று அது, எனினும் முதன்முதலாக அதனைக் கண்டபோது, பழைய அச்சத்தால் குடத்தைத் தேடி ஓடினேன். சருகை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். மட்கச் செய்தாலோ அதிற் பெரும்பகுதி மண்ணுக்கு மீளும்.

எரிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. காப்பித் தண்டின் பட்டையில் வளைவளைவாகப் புடைப்புத் தோன்றினால், உள்ளே வெள்ளைத் தண்டுத்துளைப்பானின் புழு இருக்கிறதென்று அறிக. கோடை மழையோடு வண்டாகி வெளிப்பட்டு அது பிற செடிகளிலும் முட்டையிடும். ஆதலின் பங்குனிக்குள் அச்செடியை வேரோடு அகழ்ந்து எரித்தல் வேண்டும். காற்றில்லாத காலையில், வெறுந்தரையில், பக்கத்தில் நீர் வைத்துக்கொண்டு, பெரியோர் முன்னிலையில்.

மட்குக் குவியலுக்குப் போக எஞ்சிய சருகைச் செடியடியில் மூடாக்காக இடலாம். தண்டைத் தொடாது நான்கு விரல் இடைவெளி விடுக. தொட்டால் கறையான் ஏறும். மாசி வெயிலில் மண்ணின் ஈரத்தைக் காப்பது இம்மூடாக்கே. காப்பி மொட்டுகள் இவ்வறட்சியில் உறங்கிக் கிடக்கும். பங்குனியிலோ சித்திரையிலோ ஓரங்குல மழை பெய்தால் உறக்கம் நீங்கி, எட்டுப் பத்து நாளிற் கிளை முழுவதும் மல்லிகைபோல் வெண்மையாக மலரும். பூ மழை என்றே அதனைக் கூறுவர். வறட்சியில் வாடிக் களைத்த செடிக்கு அம்மழை வந்தும் பயன் குறைவு.

குவியலை முதல் திங்களில் இருமுறையும் அடுத்த திங்களில் ஒருமுறையும் புரட்டிவிட்டால் வைகாசியில் எருவாகிவிடும். பூ மழை ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று வருமுன் அதனைத் திறக்கலாம். கருநிறமாய், கையில் உதிர்வதாய், மழை நனைத்த மண்ணின் மணம் உடையதாய் இருக்கும். இடையிடையே சில்வர் ஓக் இலையின் நரம்பு மட்டும் மட்காது கிடக்கும். அவற்றைச் சலித்தெடுத்து, அடுத்த குவியலுக்கென ஒருபுறம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.