மாவட்ட ஒதுக்கீடு யாருக்கு?

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்தப் 16இல் நமது நுவரெலியாவும் ஒன்று. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் போதாத பாடசாலைப் பிள்ளைகளுக்கானது இச்சலுகை.

ஆனால் வசதி படைத்த சிலர், பிள்ளையைக் கொழும்பு டியூஷன் வகுப்புகளில் படிப்பித்து, இங்கே வதிவிடம் காட்டிப் பரீட்சைக்கு மட்டும் அமர்த்துகின்றனர். வினாத்தாளைத் திருடுவது மட்டுமா மோசடி? வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தில் முகவரி வாங்குவதும் மோசடியே. அதனால் வட்டவளைப் பிள்ளை ஒருத்தி இடமிழக்கிறாள். கொழுந்து பறிக்கும் அவள் தாயால் வேறு முகவரி வாங்க முடியாது.

ஒதுக்கீடு ஓர் அமானிதம். கையொப்பமிடும் அதிபரும் கிராம உத்தியோகத்தரும், பணம் கொடுக்கும் பெற்றோரும், அதை ஏற்கும் பிள்ளையும் அதற்குப் பொறுப்பாளிகளே.