செவிச்செல்வம்: குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுதல்

போர்பந்தரில் காந்தியடிகளின் தந்தையார் நோயுற்றிருந்த காலம். அப்போது காந்தியடிகளுக்கு வயது 13. லாதா மகராஜ் என்ற ராம பக்தர் நாள்தோறும் மாலையில் வந்து, தந்தையாரின் முன்னிலையில் துளசிதாசரின் இராமாயணத்தைப் படிப்பார். இனிய குரலில் செய்யுள்களை இசையோடு பாடுவார்; பொருளையும் விளக்குவார். விளக்கும்போது தாமும் அதில் தோய்ந்து, கேட்போரையும் தம்முடன் அழைத்துச் செல்வார். இராமாயணத்தின் மீது தமக்கு ஏற்பட்ட ஆழ்ந்த பக்திக்கு அந்த மாலை நேர வாசிப்பே அடிப்படை என்று காந்தியடிகள் தமது 'சத்திய சோதனை'யில் குறிப்பிடுகிறார்.

சில மாதங்களுக்குப் பின் குடும்பம் ராஜ்கோட்டிற்கு வந்தது. அங்கே ஏகாதசிதோறும் பாகவதம் படிப்பதுண்டு. சிறுவரான காந்தியடிகளும் சில வேளைகளில் போய் அமர்ந்தார். ஆனால், படித்தவரிடம் கேட்போரை ஈர்க்கும் உணர்வு இல்லை. பாகவதம் அவர் மனத்தில் பதியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1924இல் டெல்லியில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தபோது, பண்டித மதன்மோகன் மாளவியா மூலநூலிலிருந்து சில பகுதிகளைப் படிக்கக் கேட்டார். இத்தகைய பக்தர் ஒருவரிடமிருந்து இந்நூலைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் அப்போது அவருக்கு உண்டாயிற்று. இளம் வயதில் பதியும் பதிவுகள் இயல்பிலேயே வேரூன்றிவிடுகின்றன என்றும் அவர் எழுதுகிறார்.

இராமாயணமும் பாகவதமும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. கேட்ட சிறுவரும் ஒருவரே. வேறுபாடு படித்தவரிடம் இருந்தது. குழந்தைக்கு ஒரு நூலை வாசித்துக் காட்டுபவர் அந்நூலின் கருத்தை மட்டும் கொடுப்பதில்லை. அதன்மீது தாம் கொண்ட அன்பையும் சேர்த்தே கொடுக்கிறார். வாசித்துக் காட்டுதலின் பயன்களுக்கெல்லாம் இதுவே ஆணிவேர்.

செவியே முதல் வாயில்

பிறக்கும்போது குழந்தையின் பார்வை தெளிவடைந்திருப்பதில்லை. செவியோ கருவிலேயே விழித்துக்கொள்கிறது. தாய் கயாது நாரதரின் உபதேசத்தைக் கேட்டபோது, கருவிலிருந்த பிரகலாதனும் அதைக் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டதாகப் பாகவத புராணம் கூறுகிறது. இதைக் கற்பனை என்று ஒதுக்கியவர்களும், 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் கண்டபின் சற்று நின்று சிந்தித்திருப்பார்கள். கருவுற்ற தாய்மார் சிலர், பேறுகாலத்திற்கு முந்தைய ஆறு வாரங்களில், குறிப்பிட்ட ஒரு கதைப் பகுதியை நாள்தோறும் உரக்க வாசித்தனர். குழந்தைகள் பிறந்த பின்னர் அதே பகுதியும் வேறொரு பகுதியும் அவர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கருவில் கேட்ட பகுதியையே குழந்தைகள் விரும்பினர் என்பதை, அவர்கள் ரப்பர் காம்பைச் சப்பிய விதத்திலிருந்து ஆய்வாளர்கள் அறிந்தனர். பொருளை அவர்கள் அறிந்திருக்க முடியாது. ஆனால், சொற்களின் ஓசையும் ஏற்ற இறக்கமும் அவர்களுக்கு அறிமுகமாகியிருந்தன.

நம் முன்னோர் இவ்வுண்மையை வேறு வழியில் உணர்ந்திருந்தனர். வேதத்திற்குச் சுருதி, அதாவது 'கேட்கப்பட்டது' என்றே பெயர். பக்தி நெறியின் ஒன்பது படிகளுள் முதலாவது சிரவணம். வேதாந்தப் பயிற்சியிலும் சிரவணத்தை அடுத்தே மனனமும் நிதித்யாசனமும் வருகின்றன. கல்வி, கல்லாமை, அறிவுடைமை என்று அதிகாரங்களை வகுத்த திருவள்ளுவர், இடையே கேள்விக்கென்று ஓர் அதிகாரத்தைத் தனியே அமைத்தார். கேட்டல் என்பது கற்றலுக்குக் குறைந்த ஒன்றாக இந்நாட்டில் ஒருபோதும் கருதப்பட்டதில்லை.

பேச்சுமொழியும் நூல்மொழியும்

வீட்டில் நாள் முழுவதும் குழந்தையோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், தனியே வாசித்துக் காட்டவும் வேண்டுமா என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். பேசுவது இன்றியமையாதது, ஐயமில்லை. எனினும் 'சாப்பிடு', 'தூங்கு', 'அங்கே போகாதே' என்று அன்றாடப் பேச்சு ஒரு சிறு வட்டத்திற்குள்ளேயே சுழல்கிறது. ஆற்றங்கரையில் வாழும் முதலையும், காட்டைக் கடக்கும் வணிகனும், சினத்தை வென்ற முனிவரும் அந்த வட்டத்திற்குள் வருவதில்லை. ஆங்கிலப் படக்கதை நூல்களையும் குழந்தைகளிடம் பெரியவர்கள் பேசும் பேச்சையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, சம அளவான பேச்சில் இருப்பதைவிட நூல்களில் மிகுதியான வெவ்வேறு சொற்கள் இருப்பதைக் காட்டியது.

இந்திய மொழிகளுக்கு இது மேலும் பொருந்தும். தமிழில் வீட்டில் பேசும் மொழி ஒன்று. பாடநூலின் மொழி மற்றொன்று. போஜ்புரியும் அவதியும் பேசும் வீடுகளிலிருந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தை, அங்கே வேறொரு இந்தியைச் சந்திக்கிறது. தன் மொழியிலேயே படிக்கச் சென்ற குழந்தைக்குப் புத்தகத்தின் மொழி அயலாகத் தோன்றுகிறது. எழுத்துகளைக் கூட்டி ஒலிக்கத் தெரிந்தும் பொருள் விளங்காமல் திகைக்கிறது. கிராமப்புறக் குழந்தைகளைப் பற்றிய 'ஏசர்' ஆய்வறிக்கையின்படி, 2024இல் மூன்றாம் வகுப்பு மாணவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. இதற்குக் காரணங்கள் பல. ஆனால், நூலின் மொழியை முன்பே செவியால் அறிந்த குழந்தைக்கு அந்தத் திகைப்பு குறையும். கேட்டுப் பழகிய சொல்லை எழுத்தில் காணும்போது, பழகிய முகத்தைப் புதிய ஊரில் கண்டதுபோல் அது மகிழ்கிறது.

மனம் ஒருமுகப்படுதல்

குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா (1885-1939), 1920இல் பாவ்நகரில் குழந்தைகளுக்கான பால மந்திரைத் தொடங்கியவர். அவருடைய 'திவாஸ்வப்னா' என்ற நூல், புதிய முறையில் கற்பிக்க முனையும் ஓர் ஆசிரியரின் கதை. முதல் நாள் அவர் வகுப்பில் அமைதியை உண்டாக்க முயல்கிறார். கூச்சலும் கேலியுமே மிஞ்சுகின்றன. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு தானாகவே அமைதியாகிறது. கதையின் வழியே ஒழுங்கு வருகிறது. பின்னர் நூல்களின் மீது ஆர்வமும் வருகிறது. கட்டளையால் பெற முடியாத மன ஒருமைப்பாட்டை ஈடுபாட்டினால் பெறலாம் என்பதே அந்நூல் தரும் பாடம்.

இன்று அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுப்பது எளிய வழியாகிவிட்டது. குழந்தையும் அசையாமல் இருக்கிறது. ஆனால், திரை அதன் கவனத்தைப் பறித்துக்கொள்கிறதே அன்றிப் பயிற்றுவிப்பதில்லை. கதை கேட்கும் குழந்தையோ, காதால் கேட்டதை மனத்தில் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு உழைப்பு தேவை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறையில், ஒரு வயது நிரம்பிய குழந்தைகளுக்குத் திரை கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாது என்றும் கூறப்பட்டுள்ளது. குழந்தை அமர்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் உடனிருந்து நூல் வாசிப்பதையும் கதை சொல்வதையும் அந்நெறிமுறை ஊக்குவிக்கிறது.

மற்றொரு பயனும் உண்டு. கதையில் வரும் ஏழைச் சிறுவன் பசியோடு உறங்கும்போது, கேட்கும் குழந்தையின் முகம் வாடுகிறது. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் பண்பு இவ்வாறுதான் அரும்புகிறது. அறிவுரையால் இதைப் புகட்ட இயலாது.

வாசிக்கும் முறை

1988இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கருதத்தக்கது. இரண்டு, மூன்று வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் இரு குழுவினரும் வீட்டில் நூல் வாசித்தனர். ஒரு குழுவினருக்கு மட்டும், வாசிக்கும்போது இடையிடையே வினவவும், குழந்தையின் விடையை விரித்துச் சொல்லவும் கற்பிக்கப்பட்டது. ஒரு மாதத்திற்குள்ளேயே அக்குழுவின் குழந்தைகள் பேச்சாற்றலில் முன்னேறியிருந்தனர். ஆகவே வாசிக்கும் முறையிலும் கவனம் தேவை.

1. நாள்தோறும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். உறங்கும் முன் அமையும் நேரம் மிகவும் ஏற்றது.

2. குழந்தையை மடியிலோ அருகிலோ இருத்திக்கொள்ள வேண்டும். படமும் எழுத்தும் அதன் கண்ணில் படவேண்டும்.

3. மெதுவாக, உணர்வோடு வாசிக்க வேண்டும். 'அடுத்து என்ன நடக்கும்?', 'அவன் ஏன் அழுதான்?' என்று கேட்கலாம். ஆனால், இது தேர்வாகிவிடக் கூடாது.

4. ஒரே கதையைக் குழந்தை பலமுறை கேட்டால் சலிப்படையலாகாது. திரும்பத் திரும்பக் கேட்பதால்தான் சொற்கள் அதற்குச் சொந்தமாகின்றன.

5. மிகச் சிறு குழந்தை நடுவில் எழுந்து ஓடினால் வற்புறுத்த வேண்டாம். வாசிப்புத் தண்டனையாக மாறினால் நூலின் மீது வெறுப்பே எஞ்சும்.

6. குழந்தை தானே படிக்கக் கற்றுக்கொண்ட பின்னும் வாசித்துக் காட்டுவதை நிறுத்தலாகாது. அது படித்து உணர்வதைவிடக் கேட்டு உணர்வது பல ஆண்டுகள்வரை மிகுதியாகவே இருக்கும்.

எல்லா வீடுகளுக்கும் இயலுமா?

எழுதப் படிக்கத் தெரியாத தாய் தன் குழந்தைக்கு ஒன்றும் செய்ய இயலாதவள் அல்லள். நூலைத் திறந்து, படங்களைக் காட்டி, தனக்குத் தெரிந்த கதையைச் சொல்லலாம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்காள் தம்பிக்கு வாசித்துக் காட்டலாம். இதனால் இருவரும் பயனடைவர். தாத்தா, பாட்டியின் குரலுக்கு ஈடான நூலகம் வேறில்லை. தந்தையரும் இதைத் தாய்மாரின் கடமை என்று ஒதுங்கிவிடாமல் பங்கேற்க வேண்டும்.

மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனியான ஒரு பயனும் உண்டு. அங்கே பல குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துகள் தெரிவதில்லை. படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கத் தடையில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் தமிழ்க் கதை கேட்கும் பேரன், விடுமுறையில் ஊருக்கு வரும்போது பாட்டியோடு பேச மொழியின்றி நிற்கமாட்டான். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் ஆகியவை குறைந்த விலையில் சிறுவர் நூல்களை வெளியிட்டு வருகின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கதைகளைக் கட்டணமின்றிப் பெறலாம்.

நூலும் குரலும் ஒவ்வொரு வீட்டிற்கும் எட்டக்கூடியவையே. நேரம்தான் நிற்பதில்லை. மடியில் அமரும் பருவம் சில ஆண்டுகளே நீடிக்கும். ராஜ்கோட்டில் ஏகாதசிதோறும் பாகவதம் தவறாமல் படிக்கப்பட்டது. ஆனாலும் ஒரு சிறுவரின் உள்ளத்தை அது தொடவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் அதற்காக ஏங்கினார். இன்று நம் வீட்டில் வளரும் குழந்தைக்கு அத்தகைய ஏக்கம் எஞ்ச வேண்டியதில்லை. தாம் நேசிக்கும் ஒரு நூலைப் பெற்றோர் இன்றிரவே எடுத்து, குழந்தையை அருகே இருத்தி, முதல் பக்கத்தை வாசிக்கத் தொடங்கலாம்.

சிந்தனைக்கு

1. சிறு வயதில் உங்களுக்கு வாசித்துக் காட்டியவர் அல்லது கதை சொன்னவர் யார்? அவற்றுள் இன்றும் நினைவில் நிற்பது எது?

2. உங்கள் வீட்டில் திரைக்குச் செல்லும் நேரத்தில் எந்தப் பத்து நிமிடத்தை நூலுக்கு மாற்றலாம்?

3. அண்டை வீட்டில் வாசித்துக் காட்ட ஆளில்லாத குழந்தை உண்டா? வாரம் ஒருமுறை அக்குழந்தைக்கு நீங்கள் வாசிக்க இயலுமா?