கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

மெரின் டிரைவில் 1951-இல் திறக்கப்பட்ட தாராபோர்வாலா மீன் காட்சிசாலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாம் மீன்களைப் பார்த்தோம். என் மாமா மட்டும் குழாய்கள் எங்கே போகின்றன என்று தேடினார். அவர் தாராவியில் குழாய் வேலை செய்பவர். எங்கள் இரவு வகுப்பில் படித்தவர்.

அவர் வகுப்புக்கு வருவதற்கு முன் நடந்தது இது. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் மீன் தொட்டிக்குக் குழாய் போடும் வேலை கிடைத்தது. கண்ணாடித் தொட்டி கூடத்தில் இருந்தது. அழுக்கை வடிகட்டும் தொட்டி, தரைக்குக் கீழே இருந்த அறையில். மேலே நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியே தானாகக் கீழே இறங்கும். பஞ்சில் வடியும். பம்பு அதை மீண்டும் மேலே ஏற்றும். கட்டிடங்களில் கீழ்த் தொட்டியும் மாடித் தொட்டியும் இருக்கின்றன அல்லவா? அதைப் போலத்தான். ஆனால் இங்கே அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும்.

வேலை முடிந்தது. தண்ணீர் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் இரவு கரண்ட் போனது. காலையில் பார்த்தால் கீழறை முழுவதும் தண்ணீர். அங்கே வைத்திருந்த புடவைக் கட்டுகள் நனைந்துவிட்டன. மாமாவுக்குக் கூலி கிடைக்கவில்லை.

குழாய் எங்கும் ஒழுகவில்லை. பிறகு எப்படி?

டிரம்மில் இருந்து மண்ணெண்ணெய் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் குழாயை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சுவார்கள். வரத் தொடங்கிவிட்டால் தானாகவே வந்துகொண்டிருக்கும். இங்கும் அதுதான் நடந்தது. பம்பு நின்றதும், ஏற்றும் குழாய் இறக்கும் குழாய் ஆகிவிட்டது. அதன் வாய் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ, அவ்வளவு தண்ணீரும் கீழே வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேல் தொட்டியின் நீளம் 100 சென்டிமீட்டர். அகலம் 40. குழாயின் வாய் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. 100 × 40 × 20 = 80,000. இதை 1,000-ஆல் வகுத்தால் 80 லிட்டர். குழாய்களில் நின்ற தண்ணீர் சுமார் 3 லிட்டர். ஆக 83 லிட்டர். கீழ்த் தொட்டியில் காலி இடம் 36 லிட்டர்தான். மீதி 47 லிட்டர், ஏறக்குறைய மூன்று குடம், தரையில் ஓடியது.

இப்போது மாமா குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 3 சென்டிமீட்டரில் வைக்கிறார். அதே தொட்டியில் 12 லிட்டர்தான் இறங்கும். குழாய்த் தண்ணீரையும் சேர்த்தால் ஒரு குடம். மட்டம் அதற்கும் கீழே இறங்கினால் குழாயில் காற்று நுழைந்துவிடும். தண்ணீர் நின்றுவிடும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் கடையில் கிடைக்கிறது. அதில் ஒரு மணல் சிக்கினாலும் சரியாக மூடாது. அதை மட்டும் நம்பக் கூடாது என்பார் மாமா.

பம்பு வாங்கும்போதும் கவனம் வேண்டும். பெட்டியில் உயரம் 3 மீட்டர் என்று அச்சடித்திருந்தால், 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தள்ளும் என்று நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் விழாது. கீழறையில் இருந்து ஏற்ற அதைவிடப் பெரிய பம்பு வேண்டும்.

இறங்கும் குழாய், ஏற்றும் குழாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றில் நத்தையோ இலையோ அடைத்தால் மற்றது காப்பாற்றும். பம்பின் ஒயர், பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அப்போது பிளக்குக்குள் போகாது, கீழே சொட்டிவிடும்.

மீன் விடுவதற்கு முன், மாமா தண்ணீரை ஓடவிட்டுப் பிளக்கைப் பிடுங்குவார். கீழ்த் தொட்டியில் தண்ணீர் ஏறுவதை நின்று பார்ப்பார். விளிம்புக்கு நான்கு விரல் கீழேயே அது நிற்க வேண்டும். நின்றால், மறுபடி பம்பைப் போட்டு, ஓடும்போது உள்ள மட்டத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுவார். பக்கத்தில் தன் கையாலேயே எழுதுவார்: "இதற்கு மேல் ஊற்றாதே."

நீங்களும் ஒரு கணக்குப் போடுங்கள். மேல் தொட்டியின் நீளம் 80, அகலம் 30 சென்டிமீட்டர். குழாயின் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில். கரண்ட் போனால் தொட்டியில் இருந்து எத்தனை லிட்டர் கீழே வரும்?