மேல்சித்தாமூரிலிருந்து வலைப்பதிவு: எந்த எடிட்டரில் எழுதுவது?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில்களைப் பற்றியும் ஸ்ரீபுராணக் கதைகளைப் பற்றியும் வலைப்பதிவு எழுத ஆசை. வேர்டில் அடித்து ஒட்டினால் எழுத்தின் அளவும் வரி இடைவெளியும் தாறுமாறாகின்றன. டிடிபி கடையில் வாங்கிய பழைய கோப்பு வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. எந்த எடிட்டர் சரிப்படும்?
– வாசகி ஒருவர், மேல்சித்தாமூர், செஞ்சி வழி

பதில்: தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர் மேல்சித்தாமூர். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் பக்கத்து ஊர்களையும் இணையத்தில் தேடுவார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டுமானால், எடிட்டரின் அழகைவிட அதற்குள் போகும் எழுத்து ஒருங்குறியில் (யுனிகோடில்) இருப்பதுதான் முக்கியம்.

டிடிபி கோப்பின் சிக்கலும் இதுவே. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலம்தான் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் அதை ஒருங்குறிக்குக் கொண்டுவரும். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம்கூடத் திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் ஏற்றிய நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய பிறகு வரிவரியாக ஒருமுறை படித்துவிட வேண்டும். சில இடங்களில் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ நிற்கும். ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியே நிற்கும். கண்ணுக்குத் தப்பினாலும் இவை தேடலில் தப்பாது.

சமண நூல்களைப் பற்றி எழுதுகிறவர் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அது கணினிக்குள் இரண்டு விதமாக அமையலாம்: ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவாகத் தெரியும். ஆனால் ஒன்றை அடித்துத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போகலாம். ஒரே விசைப்பலகையில் எல்லாப் பதிவுகளையும் அடித்தால் இந்தக் குழப்பம் வராது.

ஸ்ரீபுராணம் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் அமைந்த சமண நூல். கிரந்த எழுத்திலேயே சில வரிகளைக் காட்ட விரும்பினால், 2014 முதல் ஒருங்குறியில் கிரந்தத்துக்குத் தனி இடம் உண்டு. ஆனால் படிப்பவரின் கைபேசியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஆகவே கிரந்த வரியைப் படமாகப் போட்டு, அதன் கீழே தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்வதே நல்லது.

இனி எடிட்டர். வேர்டிலிருந்து ஒட்டும்போது அதன் எழுத்துரு, அளவு, இடைவெளிக் கட்டளைகளும் மறைவாகக் கூடவே வருகின்றன. தாறுமாறுக்குக் காரணம் அதுதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான உலாவிகளில் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும். இன்னும் பாதுகாப்பான வழி, நோட்பேடிலேயே எழுதுவது. பழைய விண்டோஸ் கணினியானால் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடும். பிழை பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய வாணியும் சந்திக்கு நாவியும் இருக்கின்றன.

ஒட்டிய பிறகே அலங்காரம். 2018 டிசம்பரில் வெளியான வேர்ட்பிரஸ் 5.0 முதல் பத்தி, தலைப்பு, படம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டம். படம் நிறைந்த கோயில் கட்டுரைக்கு இது வசதி. துணைத்தலைப்பை எழுத்தைத் தடிப்பாக்கிக் காட்டாமல் தலைப்புக் கட்டத்தில் இட வேண்டும். அப்போதுதான் தேடுபொறிக்கும், திரைவாசிப்பானில் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கும் அது தலைப்பென்று புரியும். ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் விளக்கம் எழுதுவதும் அவர்களுக்காகத்தான். கட்டங்கள் பழகாதவர்களுக்கு பிளாகர் எளிது, இலவசம்.

மேல்சித்தாமூர் வாசகிக்கு ஏற்றது இதுதான்: எழுதுவது நோட்பேடில், பக்கம் அமைப்பது வேர்ட்பிரஸில். நோட்பேட் கோப்பை அழித்துவிட வேண்டாம். யாஹூவின் இலவச இணையப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது சொந்த நகல் வைத்திருந்தவர்கள் தங்கள் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பதிவு ஏறியதும் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.