பயனில் செலவு நீக்கல்
இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

சிக்கனம் என்றவுடன் நம்மில் பலர் அதனை வறுமையுற்றோர்க்கு உரிய ஒழுக்கமாகக் கருதுகின்றோம். வேறு சிலர் அதனைக் கஞ்சத்தனத்தின் மறுபெயர் என எண்ணி ஒதுக்குகின்றனர். இவ்விரு கருத்துகளும் பொருந்தா. பயனின்றிக் கழியும் பொருளைத் தடுத்தலே சிக்கனம். பயன்பட வேண்டிய இடத்தில் பொருளைத் தடுத்தல் உலோபம். இவ்வேறுபாட்டை வீட்டின் அன்றாட நடைமுறையில் எவ்வாறு கண்டறிவது என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் இல்லறத்தார்க்கு உரைத்த குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கினின்று விலகுதல் என்பது இதன் பொருள். அதன் ஐந்து பிரிவுகளுள் பிரமாதசரியை என்பது கவனமின்மையால் நிகழ்வது. காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டல், காற்றை அலைத்தல், பசுமரம் செடிகளைச் சிதைத்தல் முதலியன இதனுள் அடங்கும். இல்வாழ்வார் நீரும் நெருப்புமின்றி வாழ இயலாது என்பதை ஆசாரியர் அறிவார். ஆதலின் அவற்றைப் பயன்படுத்தலை அவர் விலக்கவில்லை. பயனின்றிக் கெடுத்தலையே விலக்கினார். நம் வீட்டின் வரவு செலவுக் கணக்கை இவ்விரதத்தின் துணைகொண்டு ஆராய்வோமாக.

1. நீர்

குழாயிலிருந்து நொடிக்கு ஒரு சொட்டு வீதம் நீர் ஒழுகுவதாகக் கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 சொட்டுகள். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கும் மேல். ஓராண்டில் ஏறத்தாழ 1,577 லிட்டர். இதனைத் தடுப்பதற்கு வேண்டுவது சில ரூபாய் விலையுள்ள ஒரு வாஷரும் கால் மணி நேர உழைப்புமே. நீரை வடிகட்டிப் பருகும் மரபினராகிய நாம், அதே நீரை இரவு முழுதும் ஒழுக விட்டுவிட்டு உறங்குதல் தகுமா?

பல் துலக்கும்போது குழாயைத் திறந்து வைத்தலைத் தவிர்த்துச் செம்பில் நீர் முகந்துகொள்க. அரிசி, காய்கறி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றுக. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும்போது நீரோடு, அதனை மேலேற்றிய மின்சாரமும் வீணாகின்றது என்பதை நினைவில் கொள்க. மழைநீரையும் மறத்தலாகாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய்களும் குழிகளும் பல வீடுகளில் சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசி பிறக்குமுன் அவற்றைத் தூய்மை செய்தல் நன்று.

2. தீ

வீட்டு உபயோகத்திற்கான எரிவாயு உருளையில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அது நாற்பது நாள் வருமா, ஐம்பது நாள் வருமா என்பது பெரும்பாலும் நம் கையில் உள்ளது. நீர் கொதிநிலையை அடைந்தபின், திறந்த பாத்திரத்தில் எவ்வளவு பெருந்தீ வைத்தாலும் அதன் வெப்பம் மேலும் உயர்வதில்லை. நீர் விரைந்து ஆவியாவது ஒன்றே நிகழும். ஆதலின் கொதி வந்தவுடன் தீயைத் தணித்து, பாத்திரத்தை மூடுக. தீ, பாத்திரத்தின் அடியை விட்டு வெளியே படருமாயின் அப்பகுதி சமையலறையைச் சூடேற்றுகிறதேயன்றி உணவை வேகவைப்பதில்லை.

பருப்பை அரை மணி நேரம் முன்னதாக ஊறவைத்தால் விரைவில் வெந்துவிடும். காய்களை நறுக்கி, புளியைக் கரைத்து, வேண்டியவற்றை அருகில் எடுத்து வைத்துக்கொண்ட பின்னரே அடுப்பை ஏற்றுக. அடுப்பை ஏற்றிவிட்டுக் கறிவேப்பிலை தேடுவது பிரமாதசரியைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். தீச்சுடர் நீலமாக இருத்தல் வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி படியுமாயின், எரிவாயு முழுமையாக எரியவில்லை என்பது பொருள். பர்னரின் துளைகளில் அடைந்துள்ள அழுக்கை நீக்குக; அதன் பின்னரும் நிறம் மாறாவிடில் பழுது பார்ப்பவரை அழைத்துக் காட்டுக.

3. காற்றும் ஒளியும்

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். இவ்வொரு கணக்கை வீட்டிலுள்ள அனைவரும், சிறுவர் உட்பட, அறிந்திருத்தல் வேண்டும். 75 வாட் கொண்ட பழைய மின்விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் அறுபது நாளில் 54 யூனிட் ஆகும். 30 வாட் அளவில் இயங்கும் புதுவகை விசிறி அதே நேரத்தில் 22 யூனிட்டுக்குள் முடித்துவிடும். எனினும் நன்கு சுழலும் விசிறியை உடனே தூக்கியெறிந்து புதியது வாங்குக என்று நாம் கூறவில்லை. பழுதுற்ற விசிறியை மாற்றும் காலத்தில் விலையை மட்டும் பாராமல் வாட் அளவையும் பார்த்து வாங்குக என்பதே நம் கருத்து. ஆளில்லா அறையில் சுழலும் விசிறியோ எவ்வகையினதாயினும் வீணே.

மின்கட்டணம் படிநிலை முறையில் அமைந்துள்ளது என்பதையும் உணர்தல் வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன்படி இரு மாதங்களில் 500 யூனிட் செலவிட்ட வீட்டிற்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட் செலவிட்ட வீட்டிற்கு 1,958 ரூபாய். 500ஐக் கடந்தவுடன் கீழ்ப்படியிலிருந்த சலுகை விகிதமும் நீங்கிவிடுவதே இதற்குக் காரணம். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய் ஆயிற்று. விகிதங்கள் அதன்பின்னும் திருத்தப்பட்டுள்ளன. ஆயினும் படிகளின் விளிம்பில் நிற்கும் வீட்டார் மாதம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்தால் எல்லை கடவாமல் காத்துக்கொள்ளலாம்.

கதிரவன் மறையுமுன் உணவு முடிக்கும் நம் நெறியினால் இரவுச் சமையலறை விளக்கும் அடுப்பும் ஓய்வு பெறுகின்றன. இது விரதத்தின் நோக்கமன்று. விரதத்தோடு வந்து சேரும் நன்மை.

4. உணவுப் பொருள்

நாளொன்றுக்கு 50 கிராம் அரிசி, அதாவது ஒரு சிறு கைப்பிடி, மிகுதியாகச் சமைக்கப்பட்டு வீணாவதாகக் கொள்வோம். ஓராண்டில் அது 18 கிலோவுக்கு மேல். கிலோ 60 ரூபாய் எனில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மறுநாளைக்கு வைத்துண்ணலை விரும்பாத நம் வீடுகளில் அளந்து சமைத்தல் இன்றியமையாதது. உண்போர் எத்தனை பேர் என்று கேட்டறிந்த பின் படியை எடுக்கும் பழைய வழக்கம் மீண்டும் வரவேண்டும்.

மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. மாவிற்கு மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் என நம் முன்னோர் வரம்பு வகுத்தனர். உயிர்கள் தோன்றுமுன் பொருளைப் பயன்படுத்திவிடல் வேண்டும் என்பதே அதன் காரணம். ஐந்து கிலோ மாவைச் சலுகை விலையில் வாங்கி, இரண்டு கிலோவை வண்டு வைத்து எறிவோமாயின் பொருளும் போயிற்று; அறமும் போயிற்று. தானியங்களை நன்கு வெயிலில் காயவைத்து, ஆறிய பின், ஈரமற்ற கலங்களில் இறுக மூடி வைக்க. உலர்ந்த வேப்பிலை இடுதலும் நன்று. பழையது தீருமுன் புதியதை அதன்மேல் கொட்டற்க.

5. மீண்டும் மீண்டும் பயன்படுவன

ஒருமுறை துய்த்தவுடன் தீர்வது போகம். பலமுறை துய்க்கப்படுவது உபபோகம். உணவு முன்னதற்கும் ஆடை பின்னதற்கும் சான்று. உபபோகப் பொருளுக்கு உண்மையான விலை, கடையில் கொடுத்த விலையன்று. அவ்விலையைப் பயன்படுத்திய நாள்களால் வகுத்து வருவதே ஆகும். 1,200 ரூபாய்க்கு வாங்கி நூறு முறை உடுத்த கைத்தறிப் புடவைக்கு ஒரு முறைக்கு 12 ரூபாய். 6,000 ரூபாய்க்கு வாங்கி மூன்றே முறை உடுத்த புடவைக்கு ஒரு முறைக்கு 2,000 ரூபாய். அறுந்த பொத்தானை அன்றே தைத்தல், குக்கரின் ரப்பர் வளையத்தைக் காலத்தில் மாற்றுதல், நைந்த வேட்டியைத் துடைக்கும் துணியாக்குதல் ஆகியன சிறு செயல்களே. ஆயினும் ஒரு பொருளின் ஆயுளை நீட்டும்போது புதியதொன்றின் தேவையும் நீங்குகின்றது.

6. வட்டி

மேற்கூறிய அனைத்தையும் கடைப்பிடித்தும் மிச்சம் காணாத இல்லங்கள் உண்டு. அவ்வில்லங்களில் பெரும்பாலும் அடகுச் சீட்டு ஒன்று பெட்டியில் இருக்கும். நூற்றுக்கு இரண்டு வட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் பெற்றால் மாதம் 200 ரூபாய், ஆண்டுக்கு 2,400 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். நீரிலும் அரிசியிலும் மின்சாரத்திலும் மிச்சப்படுத்தியதை அச்சீட்டு ஒன்றே விழுங்கிவிடும். ஆதலின் சிக்கனத்தால் வரும் முதற்பணம், உயர்ந்த வட்டியுள்ள கடனை அடைப்பதற்கே செல்லல் வேண்டும். திருமணம், சீர் முதலியவற்றில் அயலார்க்கு ஒப்ப நடத்த வேண்டும் என்பதற்காகக் கடன் பெறுவோர், அவ்விருந்தை உண்டோர் மறந்த பின்னரும் வட்டி மறவாது வரும் என்பதை எண்ணுதல் வேண்டும்.

7. குறைக்கலாகாதவை

இப்பாடத்தில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது இப்பகுதியையே. பல இல்லங்களில் சிக்கனம் என்பது, எல்லோரும் உண்டபின் எஞ்சியதை வீட்டுத் தலைவி உண்பதில் முடிகின்றது. பிள்ளைகளுக்குப் பாலும் கணவர்க்கு நெய்யும் வைத்துவிட்டுத் தமக்கு மோரும் இல்லையென்று அமையும் தாய்மாரை நாம் பாராட்டிப் பேசுகின்றோம். ஆனால் அவர் இரத்தச் சோகையுற்று மருத்துவமனைக்குச் செல்லும் நாளில், மிச்சம் பிடித்த காசு எங்கே என்று கணக்குக் கேட்பவர் எவருமில்லை. தாமே மனமுவந்து ஏற்கும் நோன்பு வேறு. குடும்பத்தாரின் கவனமின்மையால் ஒருவர் மேல் விழும் பட்டினி வேறு. பின்னதற்குச் சிக்கனம் என்று பெயரிடுதல் தவறு.

முதியோரின் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் கொடுத்து நீட்டித்தல், வேலை செய்யும் பெண்மணியின் கூலியில் பிடித்தல், கீரை விற்கும் மூதாட்டியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதிடுதல் ஆகியனவும் அத்தகையனவே. இவற்றில் எதுவும் வீணாவது தடுக்கப்படவில்லை. ஒருவர் பங்கு மற்றவர் பைக்கு மாறியது, அவ்வளவே. ஒழுகும் குழாயை அடைத்தால் எவர்க்கும் இழப்பில்லை. பிறர் கலத்திலிருந்து எடுத்தால் ஓர் உயிர் வருந்துகின்றது. எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுவதில்லை.

8. மிச்சம் செல்லும் இடம்

வெகுளி, மானம், மாயம், உலோபம் என்னும் நான்கு கசாயங்களுள் இறுதியானது, சிக்கனத்தின் வேடம் பூண்டு வரவல்லது. பெட்டியில் சேர்ந்த பணத்தை நாள்தோறும் எண்ணி மகிழும் உள்ளம், வீண் செலவு செய்யும் உள்ளத்தினும் உயர்ந்ததன்று. ஆதலின் மிச்சத்திற்கு முன்னரே ஓரிடம் குறித்து வைத்தல் நலம். கடன் தீர்த்தல், பிள்ளைகளின் கல்வி, முதுமைக் காப்பு என்பன முதற்கடமைகள். அவற்றோடு ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானத்திற்கும் ஒரு சிறு பகுதி, பத்து ரூபாயேயாயினும், ஒதுக்கப்படுதல் வேண்டும். குழாயடியில் காத்த பணம் ஒரு மாணவனின் நூலாக மாறுமாயின் விரதம் நிறைவு பெற்றதாகும்.

பயிற்சி

அடுத்த முப்பது நாளும் ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை நாள்தோறும் எழுதுக: இன்று எப்பயனுமின்றிக் கழிந்த பொருள் எது? அதனைத் தடுக்க யார் என்ன செய்திருக்கலாம்? இன்றைய சிக்கனத்தால் வீட்டில் எவரேனும் குறைவாக உண்டனரா, வருந்தினரா? திங்கள் இறுதியில் குடும்பத்தார் அனைவரும் கூடி அக்குறிப்பேட்டைப் படித்துப் பார்க்க. முதலிரு வினாக்களுக்கான விடைகள் நாளடைவில் குறைந்துவரும். மூன்றாம் வினாவிற்கு விடை, முதல் நாளிலிருந்தே "இல்லை" என்றிருத்தல் வேண்டும்.